நூறு எதன் நூறு? – விழுக்காட்டிலிருந்து முதல்தொகை காணும் கணக்கு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நூல் 20 விழுக்காடு தள்ளுபடியில் விற்கப்படுகின்றது. தள்ளுபடி போக அதன் விலை 48 வெள்ளி. எனில், தள்ளுபடிக்கு முன் அதன் விலை யாது? தமிழ்ப்பள்ளியின் மேல் வகுப்புகளிலோ இடைநிலைப் பள்ளியிலோ கணிதம் பயிற்றுவித்த அனுபவம் உடையோர், இவ்வினாவிற்கு மாணவர் பலர் தரும் விடையை நன்கு அறிவர். 48இல் 20 விழுக்காடு 9 வெள்ளி 60 காசு. அதனை 48உடன் கூட்டினால் 57 வெள்ளி 60 காசு என்பதே அவ்விடை. சரியான விடை 60 வெள்ளியாகும். 60இல் 20 விழுக்காடாகிய 12 வெள்ளியைக் கழித்தால்தான் 48 கிடைக்கும்.

இங்கு மாணவர் பெருக்கலிலோ கூட்டலிலோ தவறவில்லை. எத்தொகையை நூறாகக் கொள்வது என்பதிலேயே தவறினர். தள்ளுபடி முதல்விலையின்மீது கணக்கிடப்பட்டது. மாணவரோ எஞ்சிய விலையின்மீது அதனைக் கணக்கிட்டனர். கழித்த விழுக்காட்டையே திரும்பக் கூட்டினால் பழைய தொகை மீண்டுவிடும் என்னும் எண்ணம் மாணவரிடம் மட்டும் காணப்படுவதன்று. நாளிதழ்ச் செய்திகளிலும், கடைகளின் விளம்பரங்களிலும், ஊதியம் குறித்த உரையாடல்களிலும் அதனைக் காண்கிறோம்.

கெட்டுப்போன அல்லது மாறிப்போன ஒரு தொகையிலிருந்து அதன் முதல்தொகையைக் காணும் கணக்கு எவ்வாறு தோன்றி வளர்ந்தது, நூறு என்னும் எண் அதில் எவ்வாறு இடம்பெற்றது, மலாயாத் தமிழர் வாழ்வில் அக்கணக்கு எவ்வாறு பொருள்பெற்றது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. விழுக்காடு என்பது அடிப்படையில் பண்டைக் கணிதர் கையாண்ட 'இட்ட எண்' முறையின் நிலைபெற்ற வடிவமே என்பதும், அதனை மறந்தமையே மேற்கண்ட பிழைக்குக் காரணம் என்பதும் நாம் இங்கு முன்வைக்கும் கருத்தாகும்.

இட்ட எண்ணின் தொன்மை

தெரியாத தொகையைக் காண்பதற்கு இன்று நாம் எழுத்துகளைப் பயன்படுத்திச் சமன்பாடு அமைக்கிறோம். சமன்பாட்டுக் குறியீடுகள் தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் இத்தகைய கணக்குகளுக்கு விடை கண்டனர். அவர்கள் கையாண்ட வழி எளிமையானது. தெரியாத தொகைக்கு வசதியான ஓர் எண்ணைத் தாமே இட்டுக்கொண்டனர். கணக்கில் சொல்லப்பட்ட செயல்களை எல்லாம் அவ்வெண்ணின்மீது செய்தனர். வந்த விடையைக் கொடுக்கப்பட்ட விடையோடு ஒப்பிட்டு, இட்ட எண்ணை அதே வீதத்தில் பெருக்கியோ சுருக்கியோ உண்மைத் தொகையைக் கண்டனர்.

எகிப்து நாட்டில் கி.மு. 1550ஐ ஒட்டி அகமோசு என்னும் எழுத்தர் படியெடுத்ததும், இன்று ரைண்ட் பாப்பிரசு என வழங்குவதுமாகிய சுவடியில் இம்முறை தெளிவாகக் காணப்படுகின்றது. ஒரு தொகையும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19 ஆயின் அத்தொகை யாது என்பது அதன் 24ஆம் கணக்கு. எழுத்தர் 7ஐ இட்டுக்கொள்கிறார். 7உம் அதன் ஏழில் ஒன்றாகிய 1உம் சேர்ந்து 8 ஆகின்றன. வேண்டியதோ 19. எனவே 8ஐ 19 ஆக்கும் வீதத்தால் 7ஐப் பெருக்க, பதினாறும் அரையும் அரைக்காலும் என விடை கிடைக்கின்றது. 7ஐத் தெரிவு செய்ததற்குக் காரணம், அதன் ஏழில் ஒரு பங்கு முழு எண்ணாக அமையும் என்பதே.

இந்தியாவில் இம்முறைக்குச் சான்றாக அமைவது பக்சாலிச் சுவடியாகும். 1881இல் பெசாவருக்கு அருகிலுள்ள பக்சாலி என்னும் ஊரில் மண்ணிலிருந்து கிடைத்த இச்சுவடி பூர்ச்ச மரப்பட்டையில் எழுதப்பெற்றது. இன்று ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. இதன் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது. 2017இல் அறிவிக்கப்பெற்ற கதிரியக்கக் கரிம ஆய்வின் முடிவுகள் வெவ்வேறு ஏடுகளுக்கு வெவ்வேறு நூற்றாண்டுகளைக் காட்டியதால் அவ்விவாதம் மேலும் விரிந்தது.

அச்சுவடியில் உள்ள வணிகர் கணக்கு ஒன்று நம் பொருளுக்கு மிகவும் பொருந்துவது. ஒரு வணிகர் மூன்று சாவடிகளில் சுங்கம் செலுத்துகிறார். முதற்சாவடியில் தம்மிடமுள்ள சரக்கில் மூன்றில் ஒரு பங்கும், இரண்டாவதில் எஞ்சியதில் நான்கில் ஒரு பங்கும், மூன்றாவதில் அதன் பின்னும் எஞ்சியதில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுக்கிறார். கொடுத்த சுங்கம் மொத்தம் 24. தொடக்கத்தில் அவரிடம் இருந்தது எவ்வளவு?

60ஐ இட்டுப் பார்ப்போம். முதற்சாவடியில் 20 போக 40. இரண்டாவதில் 10 போக 30. மூன்றாவதில் 6 போக 24 எஞ்சும். சுங்கம் மொத்தம் 36. வேண்டியதோ 24. எனவே 60ஐ 24ஆல் பெருக்கி 36ஆல் வகுக்க, 40 என்னும் விடை கிடைக்கின்றது. இக்கணக்கில் மூன்று பங்குகளும் மூன்று வெவ்வேறு தொகைகளின் பங்குகளாம் என்பது குறிப்பிடத்தக்கது. மூன்றையும் முதல்தொகையின் பங்குகளாகவே கொண்டு கூட்டினால் அறுபதில் நாற்பத்தேழு பங்கு எனத் தவறான கூட்டு வரும். விடையும் ஏறத்தாழ 30.6 எனப் பிழைபடும். 'எதன் பங்கு' என்னும் வினாவைக் கேட்காதவர் இக்கணக்கை முடிக்க இயலாது.

இரண்டாம் பாற்கரர் 1150இல் இயற்றிய லீலாவதியில் இம்முறை 'இட்ட கருமம்' என்னும் பெயருடன் விதியாகவே கூறப்பெற்றுள்ளது. இட்டம் என்பது விருப்பம்; விரும்பி எடுத்துக்கொண்ட எண்ணைக் கொண்டு செய்யும் செயல் இட்ட கருமம். தமிழில் 'இட்ட எண்' என நாம் கூறும்போது, விரும்பிய எண், இடப்பட்ட எண் ஆகிய இரு பொருளும் அமைந்துவிடுகின்றன. தாமரை மலர்க் குவியலின் மூன்றிலொன்றும் ஐந்திலொன்றும் ஆறிலொன்றும் நான்கிலொன்றும் தெய்வங்களுக்குப் படைக்கப்பட்டு, எஞ்சிய 6 மலர்கள் ஆசிரியருக்கு அளிக்கப்பட்டன எனில் மலர்கள் மொத்தம் எத்தனை என்பது அந்நூலின் புகழ்பெற்ற கணக்கு. 60ஐ இட்டால் பங்குகள் 57 ஆக, எஞ்சுவது 3. எஞ்சியது 6 எனக் கூறப்பட்டமையால் மலர்கள் 120 ஆகும். இங்குப் பங்குகள் யாவும் ஒரே முதலின் பங்குகள். பக்சாலிச் சுவடியின் கணக்கையும் இதனையும் அடுத்தடுத்து வைத்துப் பயில்வோர், பங்கினது அடித்தொகை மாறுவதையும் மாறாமையையும் எளிதில் உணர்வர்.

தலைகீழ் விதி

இட்ட எண் முறைக்கு ஓர் எல்லை உண்டு. முதல்தொகை இருமடங்கானால் முடிவும் இருமடங்காகும் கணக்குகளுக்கே அது பொருந்தும். இடையில் ஒரு நிலையான தொகை கூட்டப்பட்டாலோ கழிக்கப்பட்டாலோ ஒரே ஓர் இட்ட எண் போதாது. அத்தகைய கணக்குகளுக்கு வழிகாட்டுவது தலைகீழ் விதியாகும். ஆரியபடர் 499ஆம் ஆண்டை ஒட்டி இயற்றிய ஆரியபடீயத்தின் கணிதப் பகுதி இவ்விதியைச் சுருங்கக் கூறுகின்றது. முடிவிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கால் பெருக்கல் வகுத்தலாகும், வகுத்தல் பெருக்கலாகும், கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும் என்பது அதன் சாரம்.

எடுத்துக்காட்டாக, ஒருவரின் மாத ஊதியம் 10 விழுக்காடு உயர்த்தப்பட்டு, அதன்மேல் 50 வெள்ளி படியும் சேர்க்கப்பட்டு 1,700 வெள்ளி ஆயிற்று எனக் கொள்வோம். கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். 1,700இலிருந்து 50ஐக் கழிக்க 1,650; அதனை 1.1ஆல் வகுக்க 1,500. இதுவே பழைய ஊதியம். 10 விழுக்காடு கூட்டியதன் தலைகீழ்ச் செயல் 10 விழுக்காடு கழித்தல் அன்று, 1.1ஆல் வகுத்தலேயாம். விழுக்காட்டு உயர்வு கூட்டலைப் போலத் தோன்றினும் உண்மையில் அது பெருக்கல். பெருக்கலை அவிழ்ப்பது வகுத்தல் என்னும் ஆரியபடரின் நெறியை மறந்தவரே கழித்தலை நாடுவர்.

நூறு நிலைபெற்ற வரலாறு

எகிப்திய எழுத்தர் 7ஐயும், லீலாவதிக் கணக்கைச் செய்வோர் 60ஐயும் இட்டனர். கணக்குக்குக் கணக்கு இட்ட எண் மாறிற்று. வணிகத்திற்கும் வட்டிக்கும் இது வசதியாக அமையவில்லை. இருவேறு கடன்களின் வட்டியை ஒப்பிட வேண்டுமாயின் இரண்டிற்கும் பொதுவான ஓர் அளவுகோல் தேவை. அவ்வளவுகோலாக நூறு பல நாடுகளில் இடம்பெற்றது.

கௌடிலியரின் அருத்தசாத்திரம் வட்டியை நூறு பணத்திற்கு மாதம் இவ்வளவு என்றே வரையறுக்கின்றது. முறையான வட்டி ஒன்றேகால் பணம். வணிகருக்கு 5 பணம். காட்டு வழிச் செல்வோருக்கு 10 பணம். கடல் வழிச் செல்வோருக்கு 20 பணம். இடர் மிகுந்தோறும் வட்டி மிகுகின்றது. உரோம நாட்டில் அகசுதசு மன்னர் காலத்தில் ஏலத்தில் விற்கப்பட்ட பொருள்களுக்கு நூற்றில் ஒரு பங்கு வரி தண்டப்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய வணிகர்தம் கையெழுத்தேடுகளில் 'நூற்றுக்கு' எனப் பொருள்படும் சொற்களைச் சுருக்கி எழுதிய வடிவமே பையப் பையத் திரிந்து, நாம் இன்று வழங்கும் விழுக்காட்டுக் குறியாயிற்று.

தமிழ் மரபு இவ்வகையில் வேறொரு வழியில் வளர்ந்தது. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி எனப் பின்னங்களுக்குத் தனிப் பெயரும் தனிக் குறியும் கொண்டிருந்தமையால், பங்கினைப் பங்காகவே கூறுதல் தமிழர்க்கு எளிதாயிற்று. மா என்பது இருபதில் ஒன்று; காணி என்பது எண்பதில் ஒன்று; முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியாக இவ்வாய்பாடுகளை மாணவர் மனனம் செய்தனர். காரி நாயனார் இயற்றியதாகக் கூறப்படும் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நிலம், பொன், நெல் முதலியவற்றை அளக்கும் கணக்குகளை இப்பின்னங்களைக் கொண்டே விளக்கின.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு சுவையானது. அருத்தசாத்திரம் கூறும் ஒன்றேகால் விழுக்காடு தமிழில் சரியாக ஒரு காணி. வணிகருக்குரிய 5 விழுக்காடு ஒரு மா; 10 விழுக்காடு இருமா; 20 விழுக்காடு நான்மா. இது கணக்களவில் அமைந்த பொருத்தமே அன்றி, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பதற்குச் சான்றன்று. ஆயினும் விழுக்காட்டை நாடாமலேயே இவ்வட்டி வீதங்களைத் தமிழ்க் கணக்கர் ஒற்றைச் சொல்லால் கூற இயன்றிருக்கும் என்பது புலனாகின்றது.

'விழுக்காடு' என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. விழு என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், ஒன்றற்கு வந்து விழும் பங்கு என்னும் பொருளைத் தருவது. சதவீதம் என்னும் சொல்லில் நூறு வெளிப்படையாக உள்ளது. விழுக்காட்டில் அஃது இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெருவழக்காக உள்ள இச்சொல்லைக் கற்பிக்கும்போது, 'எதன்மீது விழுகிறது' என்னும் வினாவையும் உடன் கற்பித்தல் இயலும். அவ்வினாவே இக்கணக்கின் உயிர்நாடி எனலாம்.

ஆக, நூறு என்பது எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாக இட்டுக்கொண்ட எண். அதன் வசதி ஒப்பிடுதற்கு உதவுவது. அதன் இடரோ, இட்ட எண் என்பதையே நாம் மறந்துபோகும்படி செய்வது. 7ஐ இட்டவர் அது தாம் இட்ட எண் என்பதை மறக்க வாய்ப்பில்லை. நூறோ எப்போதும் இருப்பதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மலாயாவில் அடித்தொகை: ரப்பர்க் கட்டுப்பாடு

அடித்தொகை எது என்னும் வினா ஏட்டுக் கணக்கோடு நின்றுவிடுவதில்லை. முதல் உலகப் போருக்குப் பின் ரப்பரின் விலை வீழ்ச்சியுற்றது. அதனை நிமிர்த்துதற்பொருட்டு 1922 நவம்பர் 1 முதல் மலாயாவிலும் இலங்கையிலும் சிடீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு தோட்டத்திற்கும் 'நிர்ணய உற்பத்தி' என ஓர் அடித்தொகை வரையறுக்கப்பட்டது. 1920 அக்டோபரில் முடிந்த ஓராண்டின் உற்பத்தி அதற்கு அடிப்படையாயிற்று. அவ்வடித்தொகையில் 60 விழுக்காட்டைக் குறைந்த தீர்வையில் ஏற்றுமதி செய்யத் தொடக்கத்தில் இசைவு அளிக்கப்பட்டது. பின்னர் விலையின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப இவ்வீதம் மாற்றப்பட்டு வந்தது. 1928இல் திட்டம் கைவிடப்பட்டது.

ஒரு தோட்டம் 90,000 இராத்தலுக்கு உரிமம் பெற்றிருந்ததாகக் கற்பனை செய்துகொள்வோம். வீதம் 60 விழுக்காடு எனில் அதன் நிர்ணய உற்பத்தி 150,000 இராத்தல். வீதம் 65 ஆக உயர்ந்தால் உரிமம் 97,500 இராத்தலாகும். இவ்வுயர்வு நிர்ணய உற்பத்தியை நோக்க 5 விழுக்காடு. முன்னைய உரிமத்தை நோக்கவோ எட்டே மூன்றிலொரு விழுக்காடு. இரண்டு கூற்றும் உண்மையே. அடித்தொகையைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொன்னால் இரண்டும் பொய்யாகிவிடும்.

இத்திட்டத்தில் விழுக்காட்டைவிட அடித்தொகையே பெரும் சிக்கலாயிற்று. கணக்கேடுகள் பேணிய பெருந்தோட்டங்கள் தம் உற்பத்தியை மெய்ப்பிக்க இயன்றது. ஏடு எதுவும் வைத்திராத சிறு தோட்டக்காரர்க்கு நிலப்பரப்பைக் கொண்டு அடித்தொகை மதிப்பிடப்பெற்றது. அம்மதிப்பீடு அவர்களுக்குக் குறைவாக அமைந்தது எனப் பொருளியல் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். 60 விழுக்காடு என்னும் விதி யாவருக்கும் பொதுவானதே. எனினும் எதன் 60 விழுக்காடு என்பதைப் பொறுத்தே நியாயமும் அநியாயமும் அமைந்தன.

தோட்டத் தொழிலாளர் கூலி

இனி நம் முன்னோர் பலரின் வாழ்வோடு தொடர்புடைய ஒரு கணக்கைக் காண்போம். 1920களின் இறுதியில் மலாயாவின் எளிதில் சென்றடையத்தக்க பகுதிகளில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்க்கு நிர்ணயக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின் விளைவாக 1930இல் இக்கூலி முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. மந்தம் முற்றிய ஆண்டுகளில் பல தோட்டங்களில் இதனினும் குறைந்த கூலியே வழங்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

50 காசு 40 ஆனது 20 விழுக்காட்டுக் குறைப்பு. 40 காசு மீண்டும் 50 ஆக வேண்டுமாயின் 25 விழுக்காட்டு உயர்வு வேண்டும். குறைந்தது 10 காசு. கூட வேண்டியதும் அதே 10 காசு. எனினும் குறைப்பைக் கூறும் எண்ணும் மீட்பைக் கூறும் எண்ணும் வேறாகின்றன. முன்னதற்கு அடித்தொகை 50. பின்னதற்கு அடித்தொகை 40. குறைத்த அதே 20 விழுக்காட்டைத் திரும்பக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என ஒருவர் எண்ணினால், ஆணுக்கு 48 காசும் பெண்ணுக்கு 38.4 காசுமே கிட்டும். அன்றாடம் 50 காசு ஈட்டியவருக்கு 2 காசு இழப்பு சிறிதன்று. மாதம் 25 நாள் வேலை செய்தால் அது முழுதாக ஒரு நாள் கூலியாகும்.

இந்திய அரசின் சார்பில் வி. எசு. சீனிவாச சாத்திரியார் 1936 இறுதியில் மலாயாவிற்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். 1937இல் வெளிவந்த அவரது அறிக்கை, கூலியைப் பழைய 50 காசு, 40 காசு நிலைக்கு மீட்குமாறு பரிந்துரைத்தது. இப்பரிந்துரை விழுக்காட்டில் அமையாமல், மீட்கப்பட வேண்டிய முதல்தொகையையே காசுக் கணக்கில் சுட்டியது என்பது நம் நோக்கில் குறிப்பிடத்தக்கது. முதல்தொகையைச் சுட்டிவிட்டால் 20 விழுக்காடா 25 விழுக்காடா என்னும் குழப்பத்திற்கு இடமில்லை.

1937இல் கூலி மீண்டது. ஆயின் அந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. ரப்பர் விலை மீண்டும் இறங்கவே, 1938இல் தோட்ட முதலாளிமார் கூலியை ஆணுக்கு 45 காசாகவும் பெண்ணுக்கு 36 காசாகவும் குறைத்தனர். இது 10 விழுக்காட்டுக் குறைப்பு. அவ்வாண்டு ஜூன் திங்களில் இந்திய அரசு மலாயாவிற்கான உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தது. 5 காசுக் குறைப்பு இரு நாட்டு அரசுகளுக்கிடையே பெரும் பிணக்காக உருவெடுத்ததற்கு, ஏற்கெனவே ஒருமுறை குறைந்து மீண்ட தொகை மறுபடியும் குறைந்தமையும் ஒரு காரணமாகும். தோட்டங்களில் நிலவிய மனக்குறைகள் 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் பெரும் வேலைநிறுத்தங்களாக வெடித்தமை வரலாறு அறிந்தது.

இக்கூலிகளில் மற்றுமோர் உண்மையும் அடங்கியுள்ளது. 50க்கு 40, 40க்கு 32, 45க்கு 36 என மூன்று நிலையிலும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் 80 விழுக்காடாகவே இருந்தது. ஒரே விழுக்காட்டில் குறைப்பது இருவருக்கும் சமமாகக் குறைப்பது போலத் தோன்றும். ஆனால், அது முன்பிருந்த ஏற்றத்தாழ்வை அப்படியே காத்துவிடுகின்றது. பெண் ஆணைவிட 20 விழுக்காடு குறைவாகப் பெற்றாள். ஆண் பெண்ணைவிட 25 விழுக்காடு மிகுதியாகப் பெற்றான். இரு கூற்றுகளும் ஒரே 10 காசைத்தான் குறிக்கின்றன. பெண்ணின் கூலியை ஆணின் கூலியோடு சமமாக்க எவ்வளவு உயர்த்த வேண்டும் என வினவினால் 25 என்பதே விடை, 20 அன்று.

தமிழ்ப் பின்னங்களில் இதனைக் கூறினால் கருத்து மேலும் தெளிவாகும். நான்மா குறைந்தது, கால் கூடினால்தான் பழைய நிலை மீளும். அதாவது ஐந்திலொன்று குறைந்தால் நான்கிலொன்று கூட வேண்டும்; பத்திலொன்று குறைந்தால் ஒன்பதிலொன்று கூட வேண்டும். குறைந்த பங்கின் கீழ்எண்ணில் ஒன்றைக் கழித்தால் கூட வேண்டிய பங்கின் கீழ்எண் கிடைக்கும் என்பது பொதுவிதி. ஐந்து பங்கில் ஒன்று போனபின் கையில் இருப்பவை நான்கே. போன ஒன்று அந்நான்கில் கால் ஆகிறது. இதனை உணர எந்தச் சமன்பாடும் வேண்டுவதில்லை.

இன்றைய வாழ்வில்

விற்பனை வரியிலும் இதே கணக்கு நம்மைத் தொடர்கின்றது. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் ஆயிற்று. வரியையும் உள்ளடக்கி 218 வெள்ளி செலுத்திய ஒருவர், அதில் வரி எவ்வளவு என்று அறிய 218இல் 9 விழுக்காடு கண்டால் 19 வெள்ளி 62 காசு வரும். அது தவறு. 100 வெள்ளிப் பொருள் வரியுடன் 109 ஆகிறது. எனவே 218ஐ 100ஆல் பெருக்கி 109ஆல் வகுக்க, பொருளின் விலை 200 வெள்ளி. வரி 18 வெள்ளி. இங்கு இட்ட எண் 100. அதன் முடிவு 109. அகமோசு 7ஐ இட்டு 8ஐக் கண்டதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடு இல்லை. மலேசியாவில் 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருந்த 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி, 2018 ஜூன் முதல் சுழியமாக்கப்பட்டுப் பின் நீக்கப்பட்டது. அது நடப்பில் இருந்த காலத்தில் வரி உள்ளடங்கிய தொகையை 106ஆல் வகுத்து 6ஆல் பெருக்கியே வரியைக் காண வேண்டியிருந்தது.

வரி 8இலிருந்து 9 ஆனதை 'ஒரு விழுக்காடு உயர்வு' எனக் கூறுவதும் அடித்தொகைக் குழப்பமே. பொருளின் விலையை நோக்க அது ஒரு விழுக்காட்டுப் புள்ளி உயர்வு. முன்னைய வரியை நோக்கவோ பன்னிரண்டரை விழுக்காடு உயர்வு. 'விழுக்காடு', 'விழுக்காட்டுப் புள்ளி' என்னும் இரண்டையும் வேறுபடுத்தி வழங்குதல் தமிழ் இதழியலிலும் கற்பித்தலிலும் இன்றியமையாதது.

கற்பித்தலுக்குச் சில கருத்துகள்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003 முதல் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பெற்றுப் பின்னர்ப் படிப்படியாகத் தாய்மொழிக் கற்பித்தல் மீண்டது. மொழி மாறும்போது கலைச்சொற்கள் மட்டும் மாறினால் போதாது; அச்சொற்கள் தூண்டும் சிந்தனையும் மாணவரைச் சென்றடைதல் வேண்டும். இவ்வகையில் மூன்று கருத்துகளை நாம் ஆசிரியர்முன் வைக்க விழைகிறோம்.

முதலாவது, விழுக்காட்டுக் கணக்கு எதனையும் 'எதன் விழுக்காடு' என்னும் வினாவோடு தொடங்குதல். விடைத்தாளின் முதல் வரியில் அடித்தொகையின் பெயரை மாணவர் எழுதட்டும். '100 என்பது பழைய விலை' என்று எழுதிய மாணவர் 48ஐ நூறாகக் கொள்ள இயலாது.

இரண்டாவது, நூறோடு நில்லாமல் வேறு எண்களையும் இடச் செய்தல். 20 விழுக்காட்டுத் தள்ளுபடிக்கு 5ஐ இட்டால் எஞ்சுவது 4. எனவே 48ஐ நான்கு பங்காக்கி ஐந்து பங்கு எடுக்க, 60 வந்துவிடும். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் 1980கள் முதல் கையாளப்படும் பட்டை வரைபட முறையும் இதனையே செய்கின்றது. ஐந்து கட்டங்கள் வரைந்து ஒன்றை நீக்கிக் காட்டும் ஆசிரியர், அறிந்தோ அறியாமலோ இட்ட கருமத்தையே கற்பிக்கிறார்.

மூன்றாவது, விடையைத் திரும்பச் செய்து பார்க்கப் பழக்குதல். 57 வெள்ளி 60 காசில் 20 விழுக்காட்டைக் கழித்தால் 46 வெள்ளி 8 காசு வருமே அன்றி 48 வாராது. தம் பிழையைத் தாமே கண்டறியும் இவ்வழி, தலைகீழ் விதியின் பயனை மாணவர்க்கு உணர்த்தும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், முதல்தொகை காணும் கணக்கு விழுக்காட்டிற்கு மிக முந்தியது என்பதும், நூறு என்பது பின்னர் வந்து நிலைத்த இட்ட எண்ணே என்பதும் தெளிவாகின்றன. எகிப்திய எழுத்தர், பக்சாலிச் சுவடியாளர், ஆரியபடர், பாற்கரர் ஆகியோர் காட்டிய நெறிகளில் அடித்தொகை எப்போதும் கண்முன் நின்றது. நூறு பொதுவானபின் அது பின்னணியில் மறைந்தது.

அம்மறைவு பள்ளித் தேர்வில் ஒரு மதிப்பெண்ணை மட்டும் பறிப்பதன்று. நிர்ணய உற்பத்தி எது, பழைய கூலி எது என்னும் வினாக்களில் சிறு தோட்டக்காரரின் வருவாயும் பால்மரம் வெட்டியவரின் அன்றாட உணவும் அடங்கியிருந்தன. 40 காசை நூறாகக் கொள்வதா, 50 காசை நூறாகக் கொள்வதா என்பது கணக்கு வினாவாகத் தோன்றினும், எந்த நிலையை நாம் முறையான நிலையாக ஏற்கிறோம் என்னும் வினாவும் அதனுள் உள்ளது. ஆதலின், ஒரு விழுக்காட்டைக் கேட்டதும் 'எதன்?' என்று வினவும் பழக்கத்தை நம் மாணவரிடம் வளர்த்தல் கணித ஆசிரியர்க்கும் தமிழாசிரியர்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.